நாட்டுச் சட்டை போட்டு மலையில் ஓட: 35 வயதைத் தாண்டியவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மூத்தோர் மலையோட்டத்தில் மலேசியாவுக்காக ஓடுவது பற்றிக் கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், எனக்கு 41 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். உலகப் போட்டிக்கு யார் நம்மைத் தேர்ந்தெடுப்பார்கள்? தேர்வு ஓட்டம் எங்கே நடக்கும்?

தம்பி, இங்கே இரண்டு வகைப் போட்டிகள் இருக்கின்றன. பலர் அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உலக மலை, காட்டுப்பாதை ஓட்ட வெற்றியாளர் போட்டி என்று ஒன்று உண்டு. 2022-ல் தாய்லாந்தின் சியாங் மாயிலும், 2023-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலும், 2025-ல் ஸ்பெயினின் கன்ஃபிராங்கிலும் நடந்தது அதுதான். அதற்கு நாட்டின் தடகளச் சங்கம் ஆள் எடுத்து அனுப்பும். இளைஞர்களோடு மோத வேண்டிவரும்.

நீங்கள் கேட்பது மாஸ்டர்ஸ், அதாவது மூத்தோர் போட்டி. 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரித்து ஓடவிடுவார்கள். 2015-ல் வேல்ஸின் பெட்டுஸ்-இ-கோய்டிலும், 2016-ல் இத்தாலியின் சூசாவிலும், 2022-ல் அயர்லாந்தின் குளோன்மெல்லிலும் நடந்தது. இதற்குத் தகுதி நேரம் கிடையாது. வயது இருந்தால் போதும். பதிவுப் பணம், விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். நாட்டுச் சட்டையும் கொடியும் வேண்டுமென்றால் தேசியச் சங்கத்தின் சம்மதத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். திடலில் நடக்கும் உலக மாஸ்டர்ஸ் தடகளப் போட்டி என்றால் பதிவே தேசிய மாஸ்டர்ஸ் சங்கம் வழியாகத்தான் போகும்.

இன்னொன்று. திடல் போட்டியில் போட்டி தொடங்கும் முதல் நாளன்று உங்கள் வயது என்னவோ அதுதான் பிரிவு. மலையோட்டத்தில் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை அந்த ஆண்டின் விதித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். 44 முடிந்து 45 வரப்போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

காசு கட்டிப் போவதெல்லாம் நாட்டுக்காக ஓடுவதா? வீட்டில் இப்படித்தான் கேட்கிறார்கள். (பிறை, ஓர் அண்ணன்)

ஆமாம், அண்ணே, நாட்டுக்காக ஓடுவதுதான். முடிவுப் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் மலேசியா என்றுதான் இருக்கும். உங்கள் வயதில் அந்த நாட்டிலிருந்து ஒருவர் வந்து மலை ஏறி இறங்கினார் என்பதற்கு அது பதிவு. மற்ற நாட்டுக்காரர்களும் சொந்தக் காசில்தான் வருகிறார்கள். வீட்டில் விளக்கும்போது செலவை மறைக்காதீர்கள். ஐரோப்பாவுக்குப் போய்வர ஆயிரக்கணக்கில் வெள்ளி ஆகும். இரண்டு வருடம் முன்கூட்டியே சேமிக்கத் தொடங்கினால் யாருக்கும் சங்கடமில்லை.

பினாங்கின் கொடிமலையில் ஓடிப் பழகினால் போதுமா? ஐரோப்பிய மலைகள் வேறு மாதிரி இருக்குமே. (ஆயர் ஈத்தாம்)

ஏற்றத்துக்குத் தாராளமாகப் போதும். கணக்கைப் பாருங்கள். தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் ஏறுகிறோம். சராசரிச் சரிவு 14 விழுக்காட்டுக்குப் பக்கம். மலையோட்டப் பாதையின் சராசரிச் சரிவு 5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 25 விழுக்காட்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று உலக விதி சொல்கிறது. நம்ம மலை நடுவிலே கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒரு மலை ஊருக்குள்ளேயே கிடைப்பது நமக்குப் பெரிய கொடுப்பினை.

குறை மலையில் இல்லை, நாம் அதை ஓடும் விதத்தில் இருக்கிறது. ‘84’ என்று சொல்லும் தேநீர்க் கடையைத் தாண்டி மூச்சு வாங்க மேலே போகிறோம், கைக்கடிகாரத்தை நிறுத்துகிறோம், அப்புறம் ரயிலேறி இறங்கிவிடுகிறோம். கோலாலம்பூரில் கோபுர ஓட்டம் ஓடுகிறவர்களும் இப்படித்தான். 2,058 படி ஏறுகிறார்கள், லிஃப்டில் இறங்குகிறார்கள். ஆனால் உலகப் போட்டிகளில் பல பாதைகள் ஏறி இறங்குபவை. நம்மவர்கள் ஏற்றத்தில் பத்துப் பேரைப் பிடித்துவிட்டு, இறக்கத்தில் இருபது பேருக்கு வழிவிடுவார்கள். இறக்கம்தான் நம் பலவீனம் என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் இறக்கத்தை எப்படிப் பழகுவது? முட்டி போய்விடாதா?

இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. ஏறும்போது அது சுருங்கி வேலை செய்கிறது. நீண்டபடி தாங்குவதுதான் தசை நாரைக் கிழிக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை அந்த வலியைப் பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை அவ்வளவு வலி இல்லாமல் செய்யும். ஆகவே இறக்கத்தைச் சிறிது சிறிதாக, ஆனால் விடாமல் கொடுக்க வேண்டும்.

முதலில் மலையின் கால்பங்கு உயரம் மட்டும் ஏறி, அங்கிருந்து மெதுவோட்டமாக இறங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். வலி குறைந்ததும் அரைப்பங்கு, பிறகு முழு மலை. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடைசிக் கடுமையான இறக்கத்தை முடித்துவிடுங்கள்.

ஜீப் பாதையில் நின்று பார்த்தால் யார் பழகியவர் என்று காலடிச் சத்தத்திலேயே தெரியும். பழகாதவர் குதிகாலைத் தரையில் அறைந்து பிரேக் போடுவார், தொப்பென்று கேட்கும். பழகியவரின் அடி குட்டையாக, படபடவென்று இருக்கும். உடம்பு பின்னால் சாயாது. கை இரண்டும் கொஞ்சம் விரிந்திருக்கும். கண் காலடியில் இருக்காது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கும். நிழல் விழும் வளைவுகளில் ஓரத்துத் தாரில் பாசி படிந்திருக்கும், மழை பெய்த மறுநாள் அங்கே நடந்தே போங்கள். ஜீப் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். மலைவாசிகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் பாதை அது.

முட்டி விஷயம்: ஏற்கெனவே வீக்கமோ பூட்டிக்கொள்ளும் பிரச்சினையோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இல்லாதவர்களுக்கு, வாரம் இரண்டு நாள் படிக்கட்டில் ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கும் பயிற்சியே முட்டிக்கு நல்ல காவல்.

தண்ணீர்மலைக் கோயில் படியில் பயிற்சி செய்யலாமா? 513 படி இருக்கிறதே. பத்துமலையில் சிலர் செய்கிறார்கள்.

சாமி கும்பிடப் போங்கள், ஏறி இறங்குங்கள், உடம்புக்கும் நல்லதுதான். ஆனால் கடிகாரத்தை அழுத்திவிட்டு, வேண்டுதலோடு வரும் பாட்டிகளை இடித்துக்கொண்டு ஓடுவது எனக்கு உடன்பாடில்லை. படி வேண்டுமென்றால் அடுக்குமாடி வீட்டுப் படி இருக்கிறது.

கோலாலம்பூரில் எங்கே ஓடுவது, டீச்சர்?

வாரநாளில் புக்கிட் காசிங். விடுமுறையில் செமினியே பக்கம் புரோகா. நீண்ட ஏற்றம் வேண்டுமென்றால் நுவாங் மலை, 1,493 மீட்டர். அங்கே தனியாகப் போகாதீர்கள், விடியற்காலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

செங்குத்தான இடத்தில் நடந்தால் மானக்கேடா?

இல்லவே இல்லை. சரிவு சுமார் 15 டிகிரியைத் தாண்டிவிட்டால் நம்மைப் போன்றவர்களின் வேகத்துக்கு, ஓடுவதைவிட வேகமாக நடப்பதுதான் குறைந்த சக்தியில் முடியும். கையைத் தொடையில் ஊன்றி, நீளமாக எட்டு வைத்து நடங்கள். உலக வெற்றியாளர்களும் நடக்கிறார்கள். அந்த நடையையும் தனியாகப் பழக வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கும் இனிப்பு நீருக்கும் மருந்து சாப்பிடுகிறேன். 56 வயது. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வேனா? (செபராங் ஜெயா, ஓர் ஐயா)

ஐயா, இதைக் கேட்டதற்கு நன்றி. நம் வயதில் மிக முக்கியமான கேள்வி, யாரும் கேட்பதில்லை. மாஸ்டர்ஸ் போட்டிகளிலும் சோதனை உண்டு. விதி இளைஞர்களுக்கு உள்ளதேதான்.

ரத்த அழுத்த மாத்திரைகளில் அம்லோடிபின், பெரிண்டோபிரில் போன்றவற்றுக்குத் தடையில்லை. ஆனால் சிறுநீர் பெருக்கிகள் எல்லா நேரமும் தடை. ஹைட்ரோகுளோரோதயசைட், இண்டாபமைடு இரண்டும் அந்த வகை. பிரச்சினை என்னவென்றால் இவை தனியாக வராமல் இன்னொரு மருந்தோடு ஒரே மாத்திரையில் கலந்தும் வரும். பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் கவனிக்கத் தவறிவிடும், பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் படியுங்கள். மெட்ஃபார்மினுக்குத் தடையில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவ விலக்கு அனுமதி, அதாவது தடையுள்ள மருந்தைச் சிகிச்சைக்காகப் பயன்படுத்தும் அனுமதி, வாங்க வேண்டும்.

தடை இருக்கிறது என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தயவு செய்து. உங்கள் கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள், முடியாதென்றால் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். நம் நாட்டில் இதைப் பார்ப்பது அடாமாஸ், ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு. மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்குங்கள்.

வலி மருந்துகளும் கவனம். டிராமடோல் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை, அது உடம்பை விட்டுப் போக நாளாகும். பாரசிட்டமோல் பரவாயில்லை. தொங்காட் அலி மூலிகை, வீரிய உருண்டை, பெயர் தெரியாத சக்திப் பொடி எதையும் தொடாதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

பீட்டா தடுப்பி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தடகளத்தில் அதற்குத் தடையில்லை. ஆனால் அது இதயத் துடிப்பை ஏறவிடாது. கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள், மூச்சைக் கேளுங்கள். அப்புறம், ஐயா, பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஓடுபொறியில் இதயச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

52 வயதாகிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஓடினால் களைப்பு தீரவே மாட்டேன் என்கிறது. (கெலுகோர், ஒரு தங்கை)

ஓட்டத்தைக் கூட்டாதே, தங்கச்சி, எடை தூக்கு. இந்தக் கட்டத்தில் தசையும் எலும்பும் வேகமாகத் தேயும். வாரம் இரண்டு நாள் கனமான எடை. ஒவ்வொரு வேளையும் பருப்போ முட்டையோ மீனோ தட்டில் இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ரசச் சோற்றோடு முடித்துக்கொள்கிறோம், அது போதாது. இரும்புச் சத்தையும் தைராய்டையும் ஒரு ரத்தச் சோதனையில் பார்த்துவிடு. கடினமான நாளுக்கும் அடுத்த கடினமான நாளுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விட்டுப் பார். முழங்கால் மூடிய காற்சட்டை போட்டு ஓடலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக ஓடலாம்.

காலணி எது நல்லது?

சேற்றுக்கும் வேருக்கும் நம்ம அடிடாஸ் கம்போங் பிடிக்கிற மாதிரி வேறெதுவும் பிடிக்காது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் ரப்பர் காலணி, விலையும் கொஞ்சம்தான். ஆனால் மெத்தை கிடையாது. கல் நிறைந்த நீண்ட இறக்கத்துக்குப் பல் வைத்த மலையோட்டக் காலணி வாங்குங்கள். போட்டிக்கு முன் அதை ஈரத்தில் ஓடிப் பாருங்கள்.

அங்கே குளிர் எப்படி இருக்கும்?

10 டிகிரி, மழை, காற்று மூன்றும் சேர்ந்தால் நமக்கு விரல் மரத்துப்போகும். பினாங்கில் அதைப் பழக முடியாது. கெந்திங்கில் விடியற்காலை மழையில் ஓடுவதுதான் கிட்டத்தில் கிடைப்பது. தையல் வழியே தண்ணீர் புகாதபடி ஒட்டிய மழைச்சட்டை, கையுறை, தலைப்பட்டை வாங்குங்கள். சட்டை ஜிப்பைக் கையுறையோடு திறந்து மூடிப் பழகுங்கள். தொடக்கக் கோட்டில் நிற்கும்போதுதான் அதிகம் குளிரும், கழற்றி வீசுகிற மாதிரி பழைய சட்டை ஒன்று மேலே போட்டிருங்கள்.

மலேசியாவில் உலக மலையோட்டம் நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. 1999-ல் உலக மலையோட்டக் கோப்பை சபாவுக்கு வந்தது. அதற்கும் முன்னால், 1987 முதலே அங்குள்ள கினபாலு மலையில் கிளைம்பத்தோன் என்ற மலையோட்டம் ஓடினார்கள். 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாசலிலிருந்து 4,095 மீட்டர் உச்சி வரை போய் இறங்கும் பாதை. உலகத்தின் கடினமான மலையோட்டங்களில் ஒன்றாக அதை மதித்தார்கள். 2015 ஜூன் நிலநடுக்கம் அந்த மலையில் 18 உயிர்களைப் பறித்தது, பாதையும் சிதைந்தது. இன்னொரு உலகப் போட்டி இங்கே வர வேண்டும் என்பது என் ஆசை.

மலையில்லாமல் மாஸ்டர்ஸ் அனுபவம் வேண்டுமென்றால் ஆசிய மாஸ்டர்ஸ் தடகளம் இருக்கிறது. 2019-ல் கூச்சிங்கில் நடந்தது, 2025-ல் சென்னையில்.

எனக்கு 63. இனிமேல் தொடங்கி என்ன பயன்? (தஞ்சோங் பூங்கா)

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஜாஸ் நெய்லர் என்று ஓர் ஆட்டுப்பண்ணைக்காரர் இருந்தார். 2006-ல், தம் 70-ஆவது வயதில், 70 மலையுச்சிகளை 21 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். அவர் வாழ்நாள் முழுக்க மலையில் இருந்தவர், நாம் அப்படியில்லை. ஆனால் உங்கள் பிரிவில் உங்களோடு நிற்கப்போகிறவர்கள் 60 முதல் 64 வரை உள்ளவர்கள்தான், 30 வயதுக்காரர் யாரும் வரப்போவதில்லை. பல போட்டிகளில் மூத்த பிரிவுகளுக்குப் பாதையின் தூரமும் குறைவு.

முதல் மூன்று மாதம் ஓடவே வேண்டாம். வாரம் மூன்று நாள் நடங்கள், அதில் ஒரு நாள் ஜீப் பாதை. ஞாயிறு காலை ஆறரைக்குத் தாவரவியல் பூங்கா வாசலில் எங்கள் கூட்டம் நிற்கும், வந்து சேர்ந்துகொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தலும் ஒரு துண்டும் போதும். ரயில் டிக்கெட் வாங்க வேண்டாம், நடந்துதான் இறங்குவோம்.