முகம்தான் சிரமம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பலமுறை எழுதியதால் பழங்காலச் சீன ஞானி கன்ஃபூசியஸின் ‘லுன்யூ’ உரையாடல்களை வாங்கிப் படித்தேன். எனக்கு ஏமாற்றம்தான். பாய் கோணலாகக் கிடந்தால் உட்காரமாட்டார், இன்னாரைக் கண்டால் எழுந்து நிற்பார், இப்படி வணங்குவார் என்று முழுக்க வெளிமரியாதையாக இருக்கிறது. மனதில் இல்லாததை உடம்பால் செய்வது நடிப்பு இல்லையா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், என் அப்பாவுக்கு 81 வயது. எங்களோடுதான் இருக்கிறார். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. மருந்து, சாப்பாடு, ஆஸ்பத்திரி எதிலும் நான் குறை வைத்ததில்லை. ஆனால் வாசலில் சின்னச் சத்தம் கேட்டாலும் ‘யாருப்பா அது, யாருப்பா அது’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பதில் சொல்லும்போது என் குரல் மாறிவிடுகிறது. போன வாரம் ‘நான் உனக்குப் பாரமாயிட்டேனா’ என்று கேட்டுவிட்டார். கடமையைச் செய்கிறேன். அதற்கு மேல் சிரித்த முகமும் காட்டு என்றால் அது பொய்தானே?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பகுதியை மட்டும் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். ‘ஷியாவ்’, அதாவது பெற்றோரிடம் பிள்ளை நடந்துகொள்ள வேண்டிய முறை, என்றால் என்ன என்று நான்கு பேர் அடுத்தடுத்துக் கேட்கிறார்கள். நான்கு பேருக்கும் நான்கு பதில். ஸூயூ என்ற மாணவரிடம் கன்ஃபூசியஸ், ‘இந்தக் காலத்தில் சோறு போடுவதையே ஷியாவ் என்கிறார்கள். நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம். மதிப்பு இல்லையென்றால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?’ என்கிறார். அடுத்து ஸூஷியா. அவருக்கான பதில் சீன மொழியில் இரண்டே எழுத்தில் தொடங்குகிறது: ‘ஸெ நான்’. முகம்தான் சிரமம். வேலை இருந்தால் இளையவர் செய்வதும், உணவும் மதுவும் இருந்தால் பெரியவருக்கு முதலில் வைப்பதும் மட்டும் ஷியாவ் ஆகிவிடுமா என்று கேட்கிறார்.

யாருடைய முகம் என்பதில் உரைகாரர்களுக்குள் இரண்டு கருத்து உண்டு. ஹான் அரச மரபின் காலத்து பாவ் ஷியான், பெற்றோரின் முகமறிந்து நடப்பதுதான் சிரமம் என்று பொருள் கொண்டார். பிற்காலத்து சொங் அரச மரபின் கால ஜூ ஷீ (1130–1200) பிள்ளையின் முகம் என்றார். ஆழமான அன்பு இருந்தால் உள்ளே இதம் இருக்கும், இதம் இருந்தால் முகம் மலரும் என்ற பழைய வாசகத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவர் உரையிலேயே இன்னொரு குறிப்பும் வருகிறது. ஸூயூ பெற்றோரைப் பராமரிப்பவர், ஆனால் மதிப்பில் குறை வைக்கக்கூடியவர். ஸூஷியா நேர்மையானவர், ஆனால் முகத்தில் கனிவு குறைந்திருக்கலாம். ஆளுக்கேற்ற பதில். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஸூஷியா நினைவு வந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், முதல் வரிசை மாணவர்களில் ஒருவர் அவர்.

நடிப்பு என்கிறீர்கள். போலியை கன்ஃபூசியஸ் பொறுத்துக்கொண்டதே இல்லை. ஊரில் எல்லோருக்கும் நல்லவராக வலம்வருபவரை அறத்தைத் திருடுகிறவன் என்றார். மனிதநேயம் இல்லாதவனுக்குச் சடங்கு எதற்கு என்றும் கேட்டார். உங்கள் எரிச்சல் உண்மை, சரி. அப்பா மேல் இருக்கும் பாசமும் உண்மைதானே? இல்லாவிட்டால் ‘பாரமாயிட்டேனா’ என்ற ஒரு கேள்வி உங்களை இப்படி எழுத வைத்திருக்காது. இந்த இரண்டு உண்மையில் எதை வெளியே விடுவது என்று தேர்ந்தெடுப்பது பொய்யாகாது. அந்தத் தேர்வு கை பழகுவதற்குத்தான் கன்ஃபூசியஸ் ‘லீ’ என்றார். சடங்கு, மரியாதை, அன்றாட நடத்தை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வரும். அப்புறம் ஒன்று. அப்பாவுக்கு உங்கள் முகம் தெரியாது. உங்கள் குரல்தான் அவருக்கு முகம்.

அப்பா சொல்வதற்கெல்லாம் தலையாட்டச் சொல்லவில்லை. பெற்றோர் தவறு செய்தால் இதமாக எடுத்துச் சொல்லலாம் என்று கன்ஃபூசியஸே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் ஷியாவ் வெறும் கீழ்ப்படிதலாக இறுகிப்போனது. 1919ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீன இளைஞர்கள் அதை எதிர்த்து எழுந்தபோது அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

என் அம்மாவின் கடைசி இரண்டு வருடம் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தேன். ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் செல்போன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பாள், நான் தண்ணீர் டம்ளரை நீட்டுவேன். என்ன சொல்ல வந்தாள் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. ‘ஸெ நான்’ என்ற வரியை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

பாய் விஷயத்துக்கு வருகிறேன். 15ஆம் பகுதியின் கடைசியில் ஒரு காட்சி. மியென் என்ற இசை ஆசான் கன்ஃபூசியஸைப் பார்க்க வருகிறார். அந்தக் காலத்து அரசவை இசைஞர்கள் பெரும்பாலும் பார்வையற்றவர்கள், இவரும் அப்படித்தான். படிக்கட்டு வந்ததும் ‘இது படி’ என்கிறார் கன்ஃபூசியஸ். பாய் வந்ததும் ‘இது பாய்’ என்கிறார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, ‘இங்கே இருப்பவர் இன்னார், இங்கே இருப்பவர் இன்னார்’ என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். ஆசான் போனதும் ஸூஜாங் என்ற மாணவர், ‘இசை ஆசானிடம் பேசும் முறை இதுதானா?’ என்று கேட்க, ‘ஆமாம், இசை ஆசானுக்குத் துணைசெய்யும் முறை இதுதான்’ என்கிறார். அவ்வளவுதான் காட்சி.

எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. மியென் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? எங்கே கால் வைப்பது, எங்கே உட்காருவது, யார் யார் இருக்கிறார்கள் என்று நாலு பேர் முன்னால் அவர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கேட்பதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. பாய் கோணலாகக் கிடந்தால் உட்காரமாட்டார் என்று படித்துச் சலித்துக்கொண்டீர்களே, அதே மனிதர்தான் பார்வையில்லாதவருக்குப் பாயைச் சொல்லித் தருகிறார்.

சிரித்துக்கொண்டே பதில் சொல்ல இப்போதைக்கு வரவில்லையென்றால் விடுங்கள். வாசலில் சத்தம் கேட்டதும், அப்பா கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். ‘அப்பா, பால்காரர் வந்திருக்கார்.’ ‘பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்காங்கப்பா, உங்க வலது பக்கம் நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க.’ ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். யார் சொன்னது என்பதையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.