அட்டை வேண்டாம், புளியங்கொட்டை போதும்

தெருவோரம் பூ விற்கும் பெண்களிடம் என்ன தேவை என்று கேட்டால் எல்லோரும் 'லோன்' என்கிறார்கள், தேவையைக் கண்டறிய வைத்த அச்சடித்த அட்டை விளையாட்டும் எடுபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிவத்தோடு வருகிறவர்களுக்குச் சொல்லிப் பழகிய பதில் அது. எழுத்து உள்ள அட்டையைப் பார்த்தாலே படிக்காதவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

தரையில் சாக்பீஸால் அவர்களுடைய ஒரு நாளை மணிவாரியாகக் கட்டம் போடுங்கள்: விடிகாலைக் கொள்முதல், கட்டுவது, விற்பது, வீடு. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எந்த நேரம் ரொம்பப் பாடாய்ப் படுத்துகிறதோ அங்கே வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் வைத்தபோது பதினொரு மணிக் கட்டத்தில் குவிந்துவிட்டது. ஏனென்று கேட்டதற்கு ஒரு அக்கா, "காலையில இருந்து தண்ணியே குடிக்கல தம்பி, குடிச்சா எங்க போறது?" என்றார். கழிப்பறை! எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

பிறகு பக்கத்தில் இருப்பவரின் கொட்டை ஒன்றை நகர்த்தச் சொல்லுங்கள், சண்டை வரும். எண்ணிக்கையை விட அந்தச் சண்டையைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யும் இடம் வட்டிக்காரர் கண்ணில் படும் இடமாக மட்டும் இருக்கக்கூடாது.

கிடைத்ததை, தெருவோர வியாபாரம் பற்றி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளாகவே இருக்க வேண்டும்.