பாட்டுக்குப் போட்ட பிரிண்ட்

அன்புள்ள ஐயா,

வீட்டுக் குளியலறையையே படம் கழுவும் இருட்டறையாக, டார்க்ரூமாக மாற்றி, ஆறு மாதமாகக் கறுப்பு வெள்ளைப் படங்களை நானே பிரிண்ட் போடுகிறேன். தனியாக நிற்பதால் நேரம் போவதே இல்லை. ஹெட்போனில் பாட்டு கேட்டுக்கொண்டே வேலை செய்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித்தும் இசைத்தட்டைச் சத்தமாக ஓடவிட்டு வேலை செய்தவர் என்று படித்தேன். எந்த மாதிரி இசை இந்த வேலைக்குப் பொருந்தும்? போனையே டைமராக வைத்துக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த காலையில்தான் பழைய பிரிண்டுகள் இருந்த பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். கையில் ஒரு படம் இருந்தது. அதற்கு வருகிறேன்.

போன் வேண்டாம். பிலிமுக்கு எந்த வெளிச்சமும் ஆகாது, பிரிண்ட் போடும் பேப்பருக்குச் சிவப்பு, ஆரஞ்சு மாதிரி மங்கல் விளக்கு மட்டும் ஆகும். திரை மின்னினால் பேப்பர் சாம்பல் பூத்துவிடும். ஸ்மித்தை விடுங்கள். ஒரே பிரிண்டோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டியவர் அவர். நீங்கள் ஆறு மாதப் பிள்ளை.

ஹெட்போனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கும்மிருட்டில் பிலிமைக் கழுவுவதற்காகச் சுருள் தடம் போட்ட ரீலில் ஏற்றும்போது விரலும் காதும் மட்டும்தான் துணை. ஒழுங்காக ஏறும் பிலிம் மெல்ல உரசிக்கொண்டே போகும். தடம் மாறினால் நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். அங்கேயே நிறுத்திப் பின்னால் இழுத்தால் பிழைத்தது. கேட்காமல் தள்ளினால் பிலிம் மடங்கி, நெகட்டிவில் பிறை மாதிரி ஒரு தழும்பு விழும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்த இடத்துக்கு, படத்தை வெளியே கொண்டுவரும் மருந்தான டெவலப்பரே போகாது. காதை அடைத்துக்கொண்டா இதைச் செய்கிறீர்கள்?

சரி, அந்தப் படம். பாட்டி இறந்து சில வாரம் ஆகியிருந்தது. அவளுடைய நெகட்டிவ் ஒன்றை, படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் ஒளியாக விழவைக்கும் என்லார்ஜரில் வைத்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மாஸ்டர் அன்று இல்லை. டேப் ரெக்கார்டரில் உருக்கமான ஒரு பாட்டு. டெவலப்பர் ட்ரேயில் முதலில் கண்மணி வந்தது, அப்புறம் மூக்கின் நிழல், கடைசியில்தான் கன்னத்துச் சுருக்கம். அழுதுவிட்டேன். இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும் என்று தோன்றியது, அடுத்த பேப்பரில் ஒளி விழும் நேரத்தை நான்கு வினாடி கூட்டினேன். அதற்கடுத்ததற்கு இன்னும் மூன்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்றாக வந்த மாதிரியே இருந்தது.

காலையில் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கண் இருந்த இடத்தில் இரண்டு கரிப்பள்ளம். ஈரம் காய்ந்ததும் பேப்பர் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "பாட்டுக்குப் பிரிண்ட் போட்டிருக்கிறாய். பாட்டி எங்கே?" என்றார்.

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பாட்டு மனதை நிறைக்கும். அந்த நிறைவு பேப்பரில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். சோகப் பாட்டில் கறுப்பு ஏறும், துள்ளல் பாட்டில் டெவலப்பரிலிருந்து சீக்கிரம் தூக்கிவிடுவீர்கள். பிடித்த பாட்டு ஓடினால் சுமாரான பிரிண்டும் பிடித்துப்போகும். நாளைக்கு அந்தப் படத்தைப் பார்ப்பவர் காதில் உங்கள் பாட்டு ஓடப்போவதில்லை. அவருக்குக் கிடைப்பது பேப்பரில் இருப்பது மட்டும்தான். நேரம் போகவில்லையாம்! ஒரே பேப்பர் துண்டில் பட்டை பட்டையாக வெவ்வேறு நேரம் ஒளி காட்டிப் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தை ஐந்து நிமிடம் முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா?

இயற்கைக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸ் பியானோக் கலைஞராக வேண்டும் என்று பயின்றவர். நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் அதன் கச்சேரி என்று சொன்னவர். அவர் டார்க்ரூமில் வினாடி எண்ண வைத்துக்கொண்டது இசை பயில்பவர்களின் தாளக் கருவியான மெட்ரோனோம். அது டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டிருக்கும். கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல், கையால் ஒரு இடத்தில் ஒளியை மறைக்கலாம், இன்னொரு இடத்தில் கூட்டலாம். உங்களுக்கும் அதுவே போதும்.

எந்த இசை என்றுதானே கேட்டீர்கள்? படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போவிலிருந்து எடுத்துக் கழுவப் போட்ட பிறகு எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கெட்டியான ஃபைபர் பேப்பரை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் விடுவோம். அறுபது நிமிடக் கேசட்டில் இரண்டு பக்கமும் அதற்குச் சரியாக இருக்கும். மாஸ்டர் அப்போதுதான் டேப்பைப் போடுவார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்பார்.

பாட்டியை மறுபடி பிரிண்ட் போட்ட அன்று குழாய்ச் சத்தம் மட்டும்தான். அந்தப் படம்தான் அன்று காலை கையில் இருந்தது.