இருட்டில் கேமராவோடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: நெற்றி விளக்கில் சிவப்பு ஒளி எதற்கு? அதையே எப்போதும் பயன்படுத்தலாமா?

பதில்: இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகிறது, ஒரு முறை வெள்ளை ஒளி கண்ணில் பட்டாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மங்கலான சிவப்பு ஒளி அவ்வளவாகக் கெடுப்பதில்லை என்பதால், கேமராவில் கைவைக்கும் நேரத்துக்கு அது போதும். நடக்கும்போது வெள்ளை விளக்கையே போடுங்கள். சிவப்பில் பள்ளமும் நிழலும் ஒன்றுபோலத் தெரியும்.

கேள்வி: இரவில் படமெடுப்பது ஆபத்தா?

பதில்: எங்கே, எதை என்று எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.

கேள்வி: கடலோரப் பாறைகளில் நட்சத்திரத் தடம் (நட்சத்திரங்கள் நகர்வது கோடுகளாகப் பதியும் படம்) எடுக்க நள்ளிரவில் தனியாகப் போகிறேன். இதுவரை போகாத இடம். எந்த லென்ஸ் நல்லது?

பதில்: கடல் எப்போது ஏறும், திரும்பி வர வழி எது, நீங்கள் போவது யாருக்காவது தெரியுமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் லென்ஸை மட்டும் கேட்கிறீர்கள். 14 மி.மீ. இருந்தாலும் 24 மி.மீ. இருந்தாலும் படம் வரும். பெரும்பாலான கரைகளில் கடல் சுமார் 6 மணி நேரம் ஏறி, 6 மணி நேரம் வடிகிறது. 2 மணி நேரம் ஷட்டரை ஓடவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர், வரும்போது கால்வைத்த பாறை நீருக்குள் போனதைக் கவனிப்பதில்லை. பகலில் பார்க்காத இடத்துக்கு இரவில் போகாதீர்கள் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன். பகலில் போனால், பாறையில் பாசியும் சிப்பியும் எதுவரை ஏறி ஒட்டியிருக்கின்றன என்று தெரியும். அதற்குக் கீழே ட்ரைபாட் நிற்கக் கூடாது, அலையடித்தால் அதற்கு மேலும் நனையும். நானே ஒரு முறை, ஃப்ரேமில் இன்னும் கொஞ்சம் வானம் வேண்டுமென்று திரையைப் பார்த்தபடி பின்னால் நகர்ந்தேன். மூன்றாவது அடிக்குத் தரை இல்லை. இடுப்பளவுப் பள்ளம் என்பதால் கணுக்கால் வீங்கியதோடு போயிற்று. கண் திரையில் இருக்கும்போது கால் நகரக் கூடாது.

கேள்வி: மின்னலைப் படமெடுக்க எவ்வளவு தூரத்தில் நிற்கலாம்?

பதில்: மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள், 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் ட்ரைபாடை அங்கேயே விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

கேள்வி: குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதே?

பதில்: உதிரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள், கைபேசியையும் கூடவே, உதவிக்கு அழைக்க அதில் சார்ஜ் மிஞ்ச வேண்டும்.

கேள்வி: சாலை வளைவில் வாகன விளக்குகளின் ஒளிக்கோடுகளை எடுக்க எங்கே நிற்பது?

பதில்: வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள், கட்டுப்பாடு இழந்த வண்டி பெரும்பாலும் அங்கேதான் பாயும். தடுப்புக்கு அப்பால், ஒளி பட்டால் மின்னும் மேலங்கியோடு நில்லுங்கள். ஃபிளாஷை அணைத்து வையுங்கள். அந்த வளைவையும் பகலிலேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.