மோர்மன்கள் தங்களை ‘மோர்மன்’ என்று கூப்பிட வேண்டாம் என்பது ஏன்?

மோர்மன் என்பது பட்டப்பெயர். 1830-இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபையினர், பைபிளோடு ‘மோர்மன் புத்தகம்’ என்ற நூலையும் வேதமாகக் கொள்கிறார்கள். அதைத் தொகுத்ததாக அவர்கள் நம்பும் தீர்க்கதரிசியின் பெயர்தான் மோர்மன். எதிர்ப்பாளர்கள் கேலியாக வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஊரில் பட்டப்பெயர் நிலைத்து, ரேஷன் கார்டில் உள்ள பெயர் யாருக்கும் தெரியாமல் போவதில்லையா, அதுபோல. இதில் வேடிக்கை, கொஞ்ச காலம் அவர்களே அந்தப் பெயரில் விளம்பரமும் செய்தார்கள். ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்ற முழுப்பெயரில் உள்ள இயேசு மறைந்துபோகிறார் என்று 2018-இல் சபைத் தலைவர் ரசல் நெல்சன் சொன்ன பிறகு, புகழ்பெற்ற அவர்களது பாடகர் குழுவின் பெயர்கூட மாறியது.

அப்புறம், மோர்மன் என்றாலே பல மனைவிகள் என்று நினைப்பது தவறு: 1890-இல் அதைக் கைவிடுவதாகச் சபை அறிவித்தது, இன்று அப்படி வாழ்பவர்கள் பிரிந்துபோன சிறு குழுவினர்.