அப்பத்தாவோடு வியட்நாம் போகிறோம். அங்கே ஹோய் ஆன் என்ற பழைய ஊரிலுள்ள ஜப்பானியப் பாலத்தை எப்போது, எப்படிப் பார்க்கலாம்?

தாராளமாக அழைத்துப் போங்கள். பாலம் ஏறக்குறைய 18 மீட்டர்தான், நடந்து மட்டுமே கடக்க முடியும். மரத்தளம் நடுவில் வளைந்து உயர்வதால் அந்த இடத்தில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மாலையில் விளக்குகள் அழகுதான், ஆனால் நெரிசலில் வயதானவர்களுக்குச் சிரமம். அக்டோபர், நவம்பரில் ஊருக்குள் வெள்ளம் புகுவதுண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. சைகோனிலிருந்து (ஹோ சி மின் நகரம்) பக்கத்து ஊரான தா நாங்குக்கு விமானம், அப்புறம் ஹோய் ஆனுக்கு 30 கிலோமீட்டர் கார்.

பாலத்தில் நிதானமாக நில்லுங்கள். ஜப்பானிய வணிகர்கள் 1590களில் கட்டத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறுமுனையில் குரங்குச் சிலைகள், நடுவில் ஒட்டினாற்போல் ஒரு சிறு கோவில். உள்ளே போக பழைய நகரத்துக்கான டிக்கெட் வேண்டும். 2024 ஆகஸ்டில்தான் பழுது பார்த்துத் திறந்தார்கள். வியட்நாமின் 20,000 டாங் பண நோட்டிலும் இதே பாலம்தான். நோட்டைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

அப்பத்தாவுக்குச் சொல்ல ஒரு கதை: பூமியை நடுங்கவைக்கும் பெரிய பூதத்தின் தலை இந்தியாவில், வால் ஜப்பானில், முதுகு இங்கே. அது அசையாமலிருக்க முதுகில் குத்திய வாள்தான் இந்தப் பாலமாம்!

அருகிலுள்ள பழைய வணிகர் வீடுகளையும் விடாதீர்கள். மரத்தூண்கள், நடுவில் திறந்த முற்றம் என்று நம் செட்டிநாட்டு வளவு வீடு போலவே இருக்கும். திரும்பும்போது சைகோனில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோவிலுக்கும் போய் வாருங்கள்.