கல்லூரிப் பாடமும் கடை வேலையும்: மகள் இரண்டையும் தாங்குவாளா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். எல்லோருக்கும் க்ரீன் கார்டு உண்டு. பதினோராம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வயது 16. பள்ளியோடு கம்யூனிட்டி காலேஜிலும் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) இரண்டு பாடம், மொத்தம் 6 யூனிட், எடுக்கிறாள். இப்போது ஐஸ்கிரீம் கடையில் வாரம் 20 மணி நேர வேலை கிடைத்திருக்கிறது. ‘படிக்கிற பிள்ளைக்கு எதற்கு வேலை?’ என்கிறார் கணவர். போகட்டுமே என்கிறேன் நான். அந்தச் சம்பளத்தை என்ன செய்யலாம்?

பதில்: போகட்டும். ஆனால் 20 மணி நேரம் வேண்டாம், 12 போதும்.

வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு வாரம் 3 மணி நேரம் என்பது கல்லூரிக் கணக்கு. 6 யூனிட்டுக்கு 18. பள்ளிக்கூடம் 30-க்கு மேல். கடையில் 20 என்றால் 70 மணி நேரத்தைத் தொட்டுவிடும். சட்டம் குறுக்கே நிற்காது. இந்த வயதில் பள்ளி நாளில் 4 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், பள்ளி மூலம் வொர்க் பெர்மிட் வாங்க வேண்டும், அவ்வளவுதான். நான் பயப்படுவது மார்க்கை நினைத்து. இப்போது வாங்கும் ஒரு ‘டி’ கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும். ஐஸ்கிரீம் கடையை எப்போது வேண்டுமானாலும் விடலாம், அதை அழிக்க முடியாது.

இப்போதே கல்லூரிப் பாடம் எடுப்பதால் பின்னால் பணம் மிச்சமாகுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவருக்கு 12 யூனிட் எடுத்தாலும் 15 எடுத்தாலும் ஒரே கட்டணம். அதனால் முன்கூட்டியே முடித்த ஒன்றிரண்டு பாடங்களால் மட்டும் கட்டணம் குறையாது. நான்கைந்து பாடங்கள் சேர்ந்து ஒரு செமஸ்டர் முன்னதாகப் பட்டம் வாங்கினால்தான் லாபம். யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகத்தில் விடுதியோடு ஆண்டுச் செலவு 40,000 டாலரைத் தாண்டும். அதில் பாதி மிச்சம் என்றால் எந்தக் கடைச் சம்பளமும் ஈடாகாது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், இன்ஜினியரிங் போகப்போகும் பையன் சுலபமாக இருக்கிறதே என்று மூன்று பாடங்கள் முடித்திருந்தான். ஒன்றுகூட அவன் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, உதவவில்லை. பதிவு செய்வதற்கு முன் ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் அந்தப் பாடம் யூசியிலும் சிஎஸ்யூவிலும் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) எதற்கு ஈடாகும் என்று பார்த்துவிடுங்கள். தனியார் பல்கலைக்கழகம் மனதில் இருந்தால் நேரடியாகக் கேளுங்கள், பல இடங்களில் ஏற்பதில்லை.

அப்புறம் சம்பளம். ஃப்ரீமாண்ட் நகரக் குறைந்தபட்சக் கூலி மாநிலத்தைவிட அதிகம். 2025-ன் மாநிலக் கூலியான 16.50 டாலர் வீதம் பார்த்தாலே 12 மணி நேரத்துக்கு 198 டாலர். இரண்டு வாரப் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டு) குறைந்தது 396 என்று இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கு மட்டும் சுமார் 30 போகும். முதல் பே ஸ்டப்பை அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். ஆண்டு முழுக்கச் சேர்ந்தாலும், வரி போடாமல் கழித்துவிடும் தொகையான, 2025-ன் 15,750 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனுக்குள்தான் இருக்கும், ஃபெடரல் வருமான வரி வராது.

சேமிப்பை அவள் பெயரில் சாதாரணக் கணக்கில் குவிக்காதீர்கள். கல்லூரி நிதியுதவிக்கான அரசு விண்ணப்பமான ‘ஃபாஃப்சா’ மாணவரின் சேமிப்பில் 20 சதவீதத்தைப் படிப்புச் செலவுக்குக் கிடைக்கும் பணமாகக் கணக்கிடும். பிள்ளை பெயரில் பெற்றோர் நிர்வகிக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பான கஸ்டோடியல் ரோத் ஐஆர்ஏவில் இருப்பதை எண்ணாது. அவள் சம்பாதித்த அளவுக்கு, 2025-ல் 7,000 டாலர் வரை, அதில் போடலாம். போட்ட முதலை எப்போதும் வரியில்லாமல் எடுக்கலாம். சம்பளத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும், அந்தத் தொகையை நீங்கள் போடுகிறேன் என்றாலும் சரி. முடிந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குத் தரும் விசா) பிள்ளைகள் இருப்பவர்கள் இதைப் பார்த்து வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். எச்-4 பிள்ளைகள் படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. பணமாகக் கையில் வாங்கினாலும் தப்புதான், விசாவுக்கே ஆபத்து.

உங்கள் மகளுக்குச் சனி, ஞாயிறு தலா 6 மணி நேரம் என்று கடையில் பேசிக்கொள்ளுங்கள். டிசம்பரில் பரீட்சை வாரத்துக்கு லீவு வேண்டும் என்பதையும் சேரும்போதே சொல்லிவிடட்டும்.